காலையில் விட்ட இடம்

ஏலிம்விளையில் ஜெபம் பண்ண ஒரே ஒருத்தர்தான் இருந்தார். அதுதான் கேடு.

எங்க வேதக்கோயில் ஓலைக்கூரையாகக் கிடந்த காலம். அங்கே ஜெபம் நடத்த சுவிசேஷமுத்து உபதேசியார்னு ஒருத்தர் இருந்தாராம். ஊர் முழுக்கப் பனையேறிகள். விடியுமுன்னே மரத்தடியில் நிற்கணும். ஜெபத்துக்கு நேரம் ஏது? உபதேசியார் நல்ல மனுஷன். நீங்க மரத்துக்குப் போங்க, உங்க பங்குக்கும் நான் கேட்டுக்கிடுதேன்னாராம். அப்படித்தான் ஆரம்பித்தது.

பிள்ளைக்குக் காய்ச்சலா, உபதேசியார். மழை இல்லையா, உபதேசியார். பொண்ணு பார்க்கப் போகணுமா, அதுக்கும் உபதேசியார். கருப்பட்டி கொடுத்துவிட்டால் போதும். கோயில் மணி அடித்ததும், நமக்கும் சேர்த்து முடிஞ்சுதுன்னு ஊர் வேலையைப் பார்க்குமாம். அப்பன் மறந்தான். மகனுக்குத் தெரியவே இல்லை.

ஒரே ஒரு வீட்டிலிருந்து கருப்பட்டி போகவில்லை. எங்க கொப்பாட்டன் வீடு. அவருக்கு வாக்கப்பட்டு வந்தவள் கொடுக்க விடவில்லை. பதனீர் காய்ச்சுகிற அடுப்பு முன்னால் உட்கார்ந்து பேசிக்கிட்டே இருப்பாளாம். விறகு ஈரம், மாமியா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா, நேத்து நான் வாயை விட்டது தப்புதான், எல்லாம் பேசுவாளாம். யாரிடம் பேசுகிறாள்னு யாரும் கேட்கவில்லை. கஞ்சக் கிறுக்கின்னு பேர் வச்சாங்க.

மாமியார் ஒருநாள் பிடித்துக்கொண்டாள். ஊரே கொடுக்குது, நீ மட்டும் ஏன் கொடுக்கலைன்னாளாம்.

"எம் புருஷங்கிட்டப் பேச நான் ஆள் விடுதேனா அத்தை? ஏசப்பாகிட்டப் பேச மட்டும் எதுக்கு ஆளு?"

அன்னிக்கும் அந்த வீட்டிலிருந்து கருப்பட்டி போகவில்லையாம்.

ஒரு கோடையில் உபதேசியார் விழுந்துட்டார். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிட்டது. நாக்கு புரளவில்லை. ஊர் கூடியது. அவர் கண் ஒவ்வொரு முகமாகப் போகிறது. நல்ல கையைத் தூக்கி மேலே காட்டுகிறார். எனக்காக யாராவது ஜெபம் பண்ணுங்கன்னு கேட்கிறார். எல்லாருக்கும் புரிந்தது.

ஊர்ப்பெரியவர் தொண்டையைச் செருமினார். சின்னப்பிள்ளையும் சொல்லவேண்டிய பரமண்டல ஜெபம், அன்றாட அப்பம் கேட்கிற வரி வரைக்கும் வந்தது. அப்புறம் நின்றுபோச்சு. அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர் தரையைப் பார்த்தார். மணியையாவது அடிப்போமான்னு ஒருத்தன் கேட்டானாம். நெசம். சிரிக்காதீங்க.

உபதேசியார் கண்ணில் பயம் வந்தது. சாவுப்பயம் இல்லை. இந்த ஜனத்தை நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்ங்கிற பயம். வெட்டிப்போட்ட ஓலையும் ரெண்டு நாள் பச்சையாத்தான் இருக்கும். ஊர் அப்படித்தான் இருந்திருக்கு.

அப்போதான் அடுப்புக்கரிக் கையோடு அவள் உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கட்டிலண்டை உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. பெரிய வார்த்தை ஒன்றும் எடுக்கவில்லை. காலையில் விட்ட இடத்திலிருந்து பேசினாளாம்.

"காலையில சொன்னேன்லா ஏசப்பா, உபதேசியாருக்கு மொகம் சரியில்லன்னு. இப்பப் பாரும், விழுந்துட்டாரு. எங்களுக்குச் சேத்துப் பேசிப் பேசியே களைச்சுட்டாரு. இனி நாங்களே பேசுதோம். நீரு இவரு கையைப் புடிச்சுக்கிடும்."

அவ்வளவுதான்.

உபதேசியார் அழுதார். அப்புறம் நல்ல கையை ஊர்ப்பெரியவர் பக்கம் நீட்டினார். நீ பேசு. அடுத்து அவன். அடுத்து இவன். முரட்டு ஆம்பிளைங்க, பச்சைப்பிள்ளை மாதிரித் திக்கித் திக்கி, ஏசப்பான்னு கூப்பிட்டாங்களாம். இருட்டும்வரை பேசினாங்களாம். மரங்களில் பதனீர்க் கலயம் நிரம்பி வழிந்ததாம். ஒருத்தனும் போகவில்லை.

உபதேசியார் பிழைத்தார். பேச்சு மட்டும் கடைசிவரை வரவில்லை. கோயிலில் முன்னால் உட்கார்ந்து, ஊர் பேசுகிறதைக் கேட்டுக்கிட்டே இருந்தாராம். அதுபோதும்னு அவர் முகம் சொல்லுமாம்.

இன்றைக்கும் எங்க கோயிலில் பாதிரி ஐயர் ஜெபத்தைத் தொடங்கமாட்டார். கையைக் கட்டி நிற்பார். பொம்பளைங்க பக்கமிருந்து முதல் குரல் வரும். அப்புறம் ஊரே அவனவன் வாயால் பேசும். புதுசா வருகிற ஐயருக்கு முதல் ஞாயிறு திண்டாட்டம். யார் போட்ட சட்டம்னு கேட்பார். சட்டமில்லை ஐயரே, கரிக்கையோடு வந்த ஒருத்தி.

வேற ஊரில் இது கிடையாது. போய் விசாரிச்சுப் பாருங்க.

கோயில் சுவரில் உபதேசியார் பேர் வெட்டியிருக்கு. ஊர்ப்பெரியவர் பேரும் இருக்கு. அவள் பேர் இல்லை. வேண்டாம். எங்க வாயில் இருக்கு.

அவள் பேர் ஞானவடிவு.