வேற ஒருத்தரை எதிர்த்து நின்ற வேட்பாளர்

மறைந்த கண்ணாடிக்கடை அக்காவின் கட்சித் தலைவர் அவர்களே, அக்காவின் தம்பி அவர்களே, அக்காவுக்காக வெயிலில் வாக்குக் கேட்டு அலைந்த தோழர்களே, 'இந்த மனுஷனுக்கு இங்கே என்ன வேலை?' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

நியாயமான கேள்விதான். சென்ற தேர்தலில் அக்காவைத் தோற்கடித்துப் பேரவைக்குப் போனவன் நான். அவர் எழுதித் தம் கட்சி உறுப்பினர்களிடம் கொடுத்த சம உரிமைச் சட்ட முன்வரைவு வரும் வாரம் அங்கே வாக்கெடுப்புக்கு வருகிறது. ஒரு வாக்கில் நிற்கும் அல்லது விழும் என்கிறார்கள். என் கட்சி எதிர்க்கிறது. போதாக்குறைக்கு, மூன்று மாடி வாடகைக் குடியிருப்பு ஒன்றுக்கு நான் சொந்தக்காரன். ஆகவே, கண்ணீர் விட்டு உங்களை ஏமாற்ற வரவில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அக்கா யார்? கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்றவர். "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றி வைப்பார், பதில் வராமல் விடமாட்டார். அரசியலிலும் அதே பழக்கம்தான். எத்தனை பேருக்கு அது எரிச்சல்! எனக்கும்தான்.

ஒருநாள் ஒரு செவிலியரையும் அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு என் குடியிருப்புக்கு வந்தார். வாசலில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்கியது. குடியிருப்பைப் பார்த்துக்கொள்வது என் மச்சான். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்து, கடைசியில் பெயரைக் கேட்டிருக்கிறான். அவர்கள் பெயரைச் சொன்னார்கள். இவன் முகம் சுருங்கிவிட்டது. "அடடா, இப்பத்தாங்க வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்றானாம்.

நம்மில் எத்தனை பேர் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறோம்? எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

அக்கா சண்டை போடவில்லை. அடுத்த வாரம் தனியாக வந்தார். பலகை அப்படியே தொங்கியது. மச்சானிடம் கேட்டார்: "அந்த வேற ஒருத்தர் இன்னும் குடிவரலையா? கண்ணு சரியாத் தெரியலையோ என்னவோ. கடைக்கு அனுப்புப்பா, வீட்டு நம்பர் தெரியிற மாதிரி ஒரு கண்ணாடி போட்டு விடுறேன்."

அதோடு விட்டாரா? தேர்தலில் நின்றார். "என் போட்டி இந்தத் தம்பியோட இல்ல" என்று என்னைக் காட்டிச் சொல்வார். "வேற ஒருத்தரோட. ஊர்ல காலியா இருக்கிற வீடெல்லாம் அவருதான் எடுத்திருக்காரு. வேலையெல்லாம் அவருக்குத்தான் கிடைச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல கடைசி இடமும் அவரு பிள்ளைக்குத்தான். இவ்வளவு பெரிய மனுஷன, இதுவரைக்கும் யாராவது பாத்திருக்கீங்களா?"

கூட்டம் சிரித்தது. என் கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வேட்பாளர் சிரிக்கக் கூடாது.

இருவரும் ஒரே மேடையில் பேசிய நாளில், "என் வீடு, என் விருப்பம்" என்றேன். அவர் சொன்னார்: "நீங்க குடியிருக்கிற வீட்டுல யாரைச் சேக்கணும்ங்கிறது உங்க விருப்பம். பலகை மாட்டிட்டா அது கடை, தம்பி. என் கடைக்கு வர்றவங்ககிட்ட நான் கண்ணைத்தான் பாக்கிறேன்." அவருடைய சட்டமும் அவ்வளவுதான். வீடோ வேலையோ இல்லையென்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் காரணம் சொல்லவேண்டும். பிறப்பும் பெயரும் உடம்பும் வழிபாடும் காரணமாகக் கூடாது.

"சட்டம் போட்டால் மனசு மாறிவிடுமா?" என்று மடக்கினேன்.

"மனசை நீங்களே வச்சுக்கங்க தம்பி. சாவியைக் குடுத்தாப் போதும்."

அந்தத் தேர்தலில் வென்றது நான்தான். ஆனால் அக்காவின் அந்தப் பதிலுக்கு அப்புறம் என்ன பேசினேன் என்று இங்கே ஒருவருக்கும் நினைவிருக்காது. எனக்கே நினைவில்லை.

அக்காவின் முன்வரைவில் தண்டனைப் பிரிவு கடுமையானது. இன்றைக்கும் அதை நான் ஏற்கவில்லை. அவர் இருந்திருந்தால் இன்னும் ஆறு மாதம் சண்டை போட்டிருப்போம். போன வாரம் கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சண்டை போட ஆளில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கிறது.

இத்தகைய கூட்டங்களில் 'அவர் இடத்தை வேறு ஒருவர் நிரப்ப முடியாது' என்று முடிப்பது வழக்கம். நான் அப்படி முடிக்கப்போவதில்லை. அந்த வேறு ஒருவர் எத்தனை இடத்தைத்தான் நிரப்புவார், பாவம்!

மச்சான், நாலாவது வரிசையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாய், தெரிகிறது. மேல்மாடி வீடு காலியாகத்தானே இருக்கிறது? நாளைக்கு யார் வந்து கேட்டாலும் திறந்து காட்டு. பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

தோழர்களே, அடுத்த வாரம் பேரவையில் முன்வரைவை ஆதரிப்போர் கையுயர்த்தச் சொல்வார்கள். என் கட்சி வரிசையில் ஒரு கை உயரும். யாருடையது என்று எங்கள் கட்சித் தலைவர் திரும்பிப் பார்ப்பார்.

வேற ஒருத்தருடையது அல்ல. இந்தக் கைதான்.