பாதியில் நின்ற பரீட்சை

திருவொற்றியூரில் ஏறிய பஸ்ஸில், என் முன் சீட்டில் நர்ஸ் உடையில் ஒரு பெண்ணும், மீன் எடுக்க காசிமேடு போகும் ஒரு அம்மாவும் காலிக்கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டருக்கு என்னைப் பத்தி சீக்கிரமே தெரிஞ்சிபோச்சி அத்தே. நேத்து ஃபாரின் வேலைக்குப் பரீட்சை எழுதினேன்ல, பாதியிலயே போதும்னு நிறுத்திட்ச்சி."

"கரண்ட் பூட்ச்சா?"

"இல்ல. சரியா சொன்னா அடுத்தது கஷ்டமா கேக்கும், தப்பா சொன்னா சுலபமா கேக்கும். நம்ம தெறமை இவ்ளோதான்னு புரிஞ்சதும் நின்னுடும்."

"நானுந்தான் நாலு மீனு செவுளைத் தூக்கிப் பாத்துட்டு மொத்த கூடையும் எப்படின்னு சொல்வேன். பாஸா, ஃபெயிலா? அதைச் சொல்லு."

"அது வெள்ளிக்கெழமதான் தெரியும். பாஸானா கனடாவுல அக்காகூட இருக்கலாம். நாலு வருசமா அவளை போன்லதான் பாக்குறேன். எனக்குன்னு கட்டில்கூட வாங்கிப் போட்டுகீறா."

"கடைசியா கேட்டது கஷ்டமா இருந்துச்சா?"

"சுலபந்தான். டக்குனு சொல்லிட்டேன்."

"அப்புறம் இன்னாடி, மூஞ்சை இப்படி வெச்சிகினு கீறே?"

அந்தப் பெண் ஜன்னல் வழியே கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாததா ஒண்ணு கேட்டிருக்கக்கூடாதா அத்தே?"