புல்லியைப் பிடிக்க ஓர் ஆள்

பந்திக்கு இன்னும் இலை போடலையாம், விசாரிச்சுட்டேன். அதனால மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு வீட்டுப் பெரியவங்க... எல்லாரும் கொஞ்சம் காது கொடுங்க. ஒரு சின்னக் கதை சொல்லிட்டு விட்டுடுறேன்.

பாளையங்கோட்டையில நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதுசு. எதிர் வீட்டுல ஒரு மோரிஸ் மைனர் கார். சாம்பல் நிறம். இப்ப நினைச்சாலும் அந்த கிரீஸ் வாசனை மூக்குல வருது! பள்ளிக்கூடம் விட்டு வந்தா, அந்தக் காரைப் பார்க்காம நான் வீட்டுக்குள்ள போனதே இல்லை.

கார் வாங்கின பெரியவர் காலமாயிட்டார். வீட்டுல இருந்தது மூணு பேர். அவர் மகள் ரூபவதி, அவங்க வீட்டுக்காரர் வேதமுத்து, ரூபவதியோட தம்பி அருமைராஜ். சனிக்கிழமை அருமைராஜுக்குப் பொண்ணு பார்க்கப் போகணும், சாத்தான்குளத்துக்கு. அப்பா இல்லாத வீடு. யார் பேசணும்? அக்கா மாப்பிள்ளைதான் பேசணும்! அத்தான் வராம தம்பி மட்டும் போய் நின்னா... அந்த வீட்டுல காபி கிடைக்கும். பொண்ணு கிடைக்குமா?

கார்லதான் போறதுன்னு முடிவு. ஆனா வாட்டர் பம்ப் ஒழுகுது, என்ஜினுக்குள்ள செயின் சத்தம் போடுது. வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு பேரும் லீவு போட்டு, ரேடியேட்டரைக் கழட்டி வச்சு உட்கார்ந்துட்டாங்க. அத்தானுக்கு வாட்டர் பம்ப், மச்சானுக்கு டைமிங் கவர்.

டைமிங் கவர்னா என்ன? செயினை மூடுற தகர மூடி. அதுல ஒரு ஓட்டை, ஓட்டையில சீல்னு ஒரு ரப்பர் வளையம். அந்த வளையத்துக்குள்ளதான் புல்லி, அதாவது பெல்ட் ஓடுற சக்கரத்தோட கழுத்து, நுழைஞ்சு சுத்தும். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உட்காரணும். மயிரிழை சாஞ்சாலும் எண்ணெய் ஒழுகும். அதனால என்ன செய்வாங்கன்னா... முதல்ல போல்ட்டை எல்லாம் விரலால மட்டும் திருகி, லூசா விடுவாங்க. அப்புறம் புல்லியை நுழைச்சு, மெதுவா சுத்துவாங்க. மூடி தானா நகர்ந்து நடுவுக்கு வந்து உட்காரும். அதுக்கு அப்புறம்தான் ஸ்பேனர். புரியுதா? பின் பெஞ்சு, புரியுதா?

அருமைராஜுக்கும் இது தெரியும். ஆனா மனசு சாத்தான்குளத்துல இருக்கே! கவரை வச்சான், ஒவ்வொரு போல்ட்டையும் பல்லைக் கடிச்சு முறுக்கினான். புல்லி உள்ள போகலை. சுத்தியலால தட்டி ஏத்திட்டான்.

ரேடியேட்டரைத் திரும்ப மாட்டினதும் வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஆகா... என்ன சத்தம், வீணை மாதிரி! கொஞ்ச நேரத்துல சிமெண்ட் தரையில ஒரு கறுப்புச் சொட்டு. இன்னொரு சொட்டு.

"அத்தான், உங்க வாட்டர் பம்ப் ஒழுகுது!"

"ஏலே, வாட்டர் பம்புல தண்ணிதாம்ல ஒழுகும். எண்ணெயா ஒழுகும்? உன் கவரைப் பாரு."

"நான் சரியாத்தான் மாட்டினேன்."

"சுத்தியல் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு மாப்ளே."

கோபத்துல அருமைராஜ் ஒரு வார்த்தை சொல்லிட்டான். "இது எங்க அப்பா கார். எனக்குத் தெரியாதா?"

எங்க அப்பா கார்...

வேதமுத்து ஸ்பேனரைக் கீழ வச்சார். கையைத் துடைச்சார். "சரிப்பா. உங்க அப்பா கார்லயே போயிட்டு வா. பேச்சும் நீயே பேசிக்கோ." உள்ள போய் பேப்பரை விரிச்சுக்கிட்டார்.

ரூபவதி வாசலுக்கு வந்தாங்க. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. யாருக்குப் பேசுவாங்க, சொல்லுங்க? தம்பிகிட்ட மெதுவாத்தான் கேட்டாங்க. "காரை அப்பா கொண்டாந்தார். உங்க அத்தானை இந்த வீட்டுக்கு யாருல கொண்டாந்தா?"

அவ்வளவுதான். உள்ள போயிட்டாங்க.

அருமைராஜ் மறுபடி ரேடியேட்டரை இறக்கினான். அப்புறம் கவரைக் கழட்டினான். சீல் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. சைக்கிள்ல ஜங்ஷன் போய் வேற சீல் வாங்கிட்டு வந்தான். கவரை லூசா மாட்டி, புல்லியை நுழைச்சான். எல்லாம் சரி... ஆனா ஒரு கை புல்லியைப் பிடிச்சா, இன்னொரு கையால ஸ்பேனர் போடும்போது மூடி நழுவுது. மறுபடி மாட்டினான். மறுபடி நழுவுது.

ஜன்னல்கிட்ட வந்து நின்னான். "அத்தான்... புல்லியைப் பிடிக்க ஆள் வேணும்."

பேப்பர் இறங்கலை. பேப்பருக்குப் பின்னால இருந்து குரல் மட்டும் வருது. "புல்லியைப் பிடிக்க மட்டும்தானா, இல்ல பொண்ணு வீட்டுல பேசவுமா?"

"ரெண்டுக்கும்தான் அத்தான். நான் சொன்னது தப்பு."

வேதமுத்து வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து குத்த வச்சு உட்கார்ந்தார். அவர் புல்லியைப் பிடிச்சு மெதுவா சுத்த, இவன் எதிரும் புதிருமா ஒவ்வொரு போல்ட்டா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினான். எல்லாத்தையும் மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தா, தரை காய்ஞ்சே கிடந்தது.

மறுநாள் சாத்தான்குளத்துல பொண்ணோட அப்பா காருக்கு அடியில குனிஞ்சு பார்த்துட்டுக் கேட்டாராம்: "பழைய வண்டி, ஒரு சொட்டு இல்லையே! யார் வேலை?" வேதமுத்து சொன்னார்: "எங்க மாமா கார். என் மச்சான் வேலை." அதைவிடப் பெரிய பேச்சு என்ன பேசணும்? கல்யாணம் அங்கயே முடிவாயிடுச்சு.

இதை ஏன் இந்த மேடையில சொல்றேன்? இன்னிக்கு ஒரு வீட்டுக்கு ஒரு பொண்ணு புதுசா வர்றா. காபி இப்படித்தான் போடணும், சேலை இப்படித்தான் கட்டணும், அம்மா வீட்டுக்கு இப்பத்தான் போகணும்... வந்த வாரமே எல்லா போல்ட்டையும் பல்லைக் கடிச்சு முறுக்கிடாதீங்கம்மா. அவ சுத்தி வரட்டும். தானா நடுவுல வந்து உட்காருவா. முறுக்கவே வேண்டாம்னு நான் சொல்லலை, லூசா விட்ட மூடியும் ஒழுகத்தான் செய்யும். ஆனா உட்கார்ந்த அப்புறம், கொஞ்சம் கொஞ்சமா.

மாப்பிள்ளை, உங்களுக்கு ஒண்ணு. அம்மா ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் நிக்கிற நாள் வரும். வராம இருக்காது. அன்னிக்கு யார் பக்கம் ஒழுகுதுன்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, புல்லியைப் பிடிங்க.