பதினெட்டில் ஒரு பேர்

— இன்னொரு வாட்டி ஓட்டிக் காட்டு ஜமீர். முந்தாநேத்து வெள்ளத்துல படகு கேட்டு நமக்கு போன் பண்ண அதே பதினெட்டு பேரு, அதே வரிசை. அந்த ஜன்னலையும் சாத்து, தாம்பரம் ஸ்டேஷன் மைக் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

— ஓட்டிட்டேன் நாகலக்ஷ்மிக்கா. எத்தினி வாட்டி ஓட்டினாலும் அதேதான். லிஸ்ட்டைத் திருப்பறதுக்கு முன்னால பதினெட்டு. திருப்பினதுக்கு அப்பால ஒண்ணே ஒண்ணு.

— சரி, மேல சொல்லு. மூணு மணிக்கு போலீஸுக்கு ரிப்போர்ட் குடுக்கணும். அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு. எதுக்குத் திருப்பறோம்?

— புதுசா யார் போன் பண்ணாலும் அந்தப் பேரு முதல்ல வந்து ஒக்காந்துக்கும். படகுக்கு அனுப்பும்போது முதல்ல கூப்ட்டவங்கதான் மேல வரணும். அதுக்குத்தான்.

— சரி, மேல சொல்லு.

— ஒவ்வொரு பேரும், அடுத்த பேரு கம்ப்யூட்டர் மெமரில எங்க கீதுன்ற அட்ரஸை மட்டும்தான் வெச்சினு இருக்கும். திருப்பும்போது அதை அழிச்சுட்டு முன்னாடி பேரோட அட்ரஸை எழுதணும். அழிக்கறதுக்கு முன்னால அடுத்தது எங்க கீதுன்னு குறிச்சுக்கலன்னா, மிச்சமெல்லாம் காலி.

— அதைக் குறிக்காம விட்டியா?

— போன மாசம் வுட்டேன். டெஸ்ட்லயே மாட்டிச்சு, சரி பண்ணிட்டேன். இதோ, இந்த வரி. இப்ப தப்பு ஹெட்லக்கா.

— போலீஸ்காரங்களுக்கு ஹெட்னா என்னன்னு தெரியாது.

— லிஸ்ட் எந்தப் பேர்ல ஆரம்பிக்குதுன்னு காட்டற குறி, பாய்ண்டர்னு சொல்லுவோம். லிஸ்ட்டைத் திருப்பற ப்ரோக்ராம் துண்டு, அதான் ஃபங்ஷன், அதுக்கு உள்ள இதோட நகல்தான் போவுது. நான் நகலைத்தான் மாத்தினேன். ஃபங்ஷன் முடிஞ்சதும் நகலும் போச்சு. வெளிய இருக்கற அசல், திருப்பறதுக்கு முன்னால முதல்ல இருந்த பேரு மேலயே நிக்குது, கடைசியா கூப்ட்டவங்க பேரு. அது இப்ப கடைசிப் பேரு. அதுக்கு அப்பால யாருமில்ல.

— மத்த பதினேழு பேரு?

— மெமரிலதான் இருந்தாங்க. அவங்ககிட்ட போறதுக்கு வழிதான் இல்ல.

— டெஸ்ட் பண்ணியேப்பா. நான் பாத்துத்தானே ஓகே சொன்னேன்.

— ஃபங்ஷனுக்கு உள்ளயே ப்ரின்ட் பண்ணிக் காட்டினேன்க்கா. அங்க எல்லாப் பேரும் வந்துச்சு. வெளிய வந்து பாக்கல.

— ம்... எழுதறேன். முதல் போன், ஞானம்மாள், பொழிச்சலூர். காலைல ஆறு அஞ்சு. கீழ் வீடு, படுத்த படுக்கை.

— அக்கா, வேணாம்.

— எழுதித்தான் ஆகணும். படகு வந்து நாம லிஸ்ட் அனுப்பினது பத்தரை. ஞானம்மாள் வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்தது ஒண்ணரை. கட்டிலுக்கு மேல தண்ணி. படகு ஓட்டற சம்பந்தம் அண்ணாதான் அவங்க ஒடம்பைத் தூக்கிட்டு வந்தாரு. அவரு இன்னும் சோத்துல கை வைக்கலியாம்.

— அவர்தான் பன்னெண்டே முக்காலுக்கு போன் பண்ணாரு. “இன்னாப்பா, ஊரே முழுகிகினு கீது, உன் மெஷின்ல ஒரு பேருக்கு மேல ஒண்ணும் இல்லியே”ன்னு கத்தினாரு. அப்பத்தான் போன் வரும்போது எழுதி வெச்ச நோட்டைப் பாத்து மத்தவங்க பேரை அவருக்குப் படிச்சேன்.

— எதிர்த்தண்ணில, லிஸ்ட்ல இருந்த அந்த ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பவே ரெண்டு மணி நேரம் ஆச்சாம். அங்க முட்டியளவுகூட தண்ணி இல்லையாம். சரி, இப்படி முடிக்கறேன்: ப்ரோக்ராம்ல பிழை, யாருக்கும் தெரியாம நடந்தது. என் பேரும் போடறேன், ஓகே சொன்னது நான்தானே. அழாத ஜமீர்.

— ‘தெரியாம’ன்னு எழுதாதீங்கக்கா.

— ஏம்ப்பா?

— பத்தரைக்கே ஸ்க்ரீன்ல பாத்துட்டேன், ஒரு பேருதான் நிக்குதுன்னு. நோட்டு பக்கத்துலயே இருந்துச்சு.

— பத்தரைக்கேவா? அவருக்கு ஒரு போன் போட எவ்ளோ நேரம் ஆகும்? ஏன் வாயைத் தொறக்கல?

— தொறந்திருந்தா படகு மொதல்ல ஞானம்மாள் வூட்டுக்குப் போயிருக்கும்... ஸ்க்ரீன்ல இருந்த பேரு எங்கம்மாவுதுக்கா.