மோகனத்தில் பதிமூன்றாம் வாய்ப்பாடு

தாம்பரத்தில் கடற்கரை ரயில் கிளம்பாமல் நின்றிருந்தது. எதிர் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். மடியில் சுருதிப் பெட்டியும் கழுத்தில் வழியனுப்பு மாலையுமாக இருந்தவர் சொன்னதைக் கேட்டபின் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

“இருபது வருஷமா என் பாட்டு பீரியட்ல கணக்குதான் நடந்துது மிஸ்.”

மற்றவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான்தானே வாங்கிக்கிட்டேன். ரிட்டயர் ஆயிட்டீங்க, இன்னிக்காவது திட்டிடுங்க டீச்சர்.”

“எதுக்கு? எங்கப்பா கல்யாண பேண்டு செட்ல கிளாரினெட் வாசிச்சவர். பந்தி நடக்கறப்ப யாருமே கேக்க மாட்டாங்க. அப்பவும் சுருதி விலகக் கூடாதும்பார். நீங்க கணக்கை முடிச்சிட்டு கடைசி அஞ்சு நிமிஷம் குடுப்பீங்களே, அதுல உங்க வாய்ப்பாட்டையே மோகன ராகத்துல பாட வெச்சேன்.”

“அதுதான் வினையாச்சு. போன வாரம் பரீட்சை ஹால்ல ஒரு பொண்ணு பதிமூணாம் வாய்ப்பாட்ட ராகத்தோட முணுமுணுக்கறா.”

“ஐயையோ! அதட்டினீங்களா?”

“அதட்டலாம்னுதான் கிட்ட போனேன். ஏழு பதிமூணு தொண்ணூத்தியொண்ணு வரைக்கும் நானும் கூடவே பாடிட்டேன் டீச்சர்.”