கோச்சை இல்லாமல் வந்த சேவல்

காளியாத்தாள்: அந்தச் சாவலக் கூண்டுல போட்டுட்டு உள்ள வாங்கண்ணா. எதுக்கு வாசல்லயே நின்னுட்டு?

சென்னியப்பன்: இருக்கட்டும் சாமி... இங்கயே நிக்கறேன்.

காளியாத்தாள்: என்ற ஊட்டுக்காரரு எங்கீங்க?

சென்னியப்பன்: நாச்சிமுத்தா... வருவான். பின்னால.

காளியாத்தாள்: சாவல உங்க கையில குடுத்துட்டாருங்களா? பெத்த தாய் கையிலகூடக் குடுக்க மாட்டாரே. நான் தொட்டா ராசி போயிருமுன்னு கூண்டுக்கிட்டயே உட மாட்டாரு.

சென்னியப்பன்: இன்னிக்குக் குடுத்தான்.

காளியாத்தாள்: அப்ப மச்சினன் மேல புதுசாப் பாசம் வந்துருச்சாட்ட இருக்குது. செயிச்சுதுங்களா?

சென்னியப்பன்: ம்... செயிச்சுது. ரெண்டாவது தரம் உடறப்பவே அந்தச் சாவல் படுத்துக்கிச்சு.

காளியாத்தாள்: கோச்சை எங்கீங்க பின்ன? தோத்த சாவல் செயிச்சவனுக்குத்தானே? அதத் தோள்ல தொங்கப் போட்டுட்டு நாலு தெரு சுத்தித்தான் ஊடு வந்து சேருவாரு. கோச்சைக் கறி ஆக்கணும், மொளகு அரைச்சு வையின்னு விடியாலயே சொல்லிட்டுப் போனாரு. அரைச்சு வெச்சிருக்கறனுங்க.

சென்னியப்பன்: அத எடுக்க... நேரமில்ல அம்முணி.

காளியாத்தாள்: ஏனுங்க?

சென்னியப்பன்: போலீசு வந்துருச்சு.

காளியாத்தாள்: ...வந்துட்டாங்களா.

சென்னியப்பன்: என்ன நீ, ஊட்டுக்கு ஒறம்பரை சனம் விருந்துக்கு வந்தாப்பல கேக்கற?

காளியாத்தாள்: வேற எப்படிக் கேக்கறதுங்க? இனி எந்தப் பந்தயமும் கட்டப்படாது, சட்டம் வந்துருச்சுன்னு சந்தையில தமுக்கடிச்சுச் சொன்னாங்கள்ல? நீங்க ரெண்டு பேரும் காதுல வாங்குனீங்களா?

சென்னியப்பன்: நோம்பிக்கு நோம்பி, திருவிழா தவறாம நடக்கறதுதானே. வெள்ளைக்காரன் எங்கியோ உக்காந்து எழுதிப்போட்டா நாம சாவல அடை வெச்சுட்டு உக்காந்திருக்கறதா?

காளியாத்தாள்: போன நோம்பிக்குக் கறவை மாட்டக் கட்டித் தோத்தாரு. புள்ளைக்குப் பாலில்லாம நாந்தானுங்க கேப்பக்கூழ் கரைச்சு ஊத்தறேன். இன்னிக்கு எதக் கட்டுனாரு?

சென்னியப்பன்: ...உழவு மாட்ட.

காளியாத்தாள்: ரெண்டையுமா?

சென்னியப்பன்: ரெண்டையுந்தான். அதான் செயிச்சுட்டானே... இப்ப அதெல்லாம் எதுக்கு சாமி.

காளியாத்தாள்: சரி... அவரப் புடிச்சுட்டாங்களா?

சென்னியப்பன்: இல்ல.

காளியாத்தாள்: புடிக்கலீங்களா?

சென்னியப்பன்: புடிச்சிருக்கலாம். புடிச்சுக் கட்டி வெச்சு நாலு அடி அடிச்சிருந்தாக்கூட... நல்லா இருந்திருக்கும்.

காளியாத்தாள்: என்னங்கண்ணா பேசறீங்க? இந்தச் சாவல் ஏனுங்க நனைஞ்சு கெடக்குது?

சென்னியப்பன்: சண்டைக்கு நடுவால தண்ணி தெளிப்பமல்ல... அது.

காளியாத்தாள்: தெளிச்ச தண்ணி மேல படாம றெக்கைக்கு அடியில மட்டுமா நனைக்கும்? உங்க வேட்டியும் ஈரமா இருக்குது. அண்ணா... என்ற மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

சென்னியப்பன்: சித்த உக்காரு.

காளியாத்தாள்: உக்கார மாட்டேன். சொல்லுங்க.

சென்னியப்பன்: எல்லாரும் சாவல அங்கங்க போட்டுட்டுத்தான் ஓடுனோம். சாவல் கையில இருந்தாத்தானே சாட்சி? போடுறா மாப்ள, போட்டுட்டு ஓடுறான்னு தொண்டை கிழியக் கத்துனேன். அவன் கக்கத்துல இடுக்கிட்டுச் சோளக்காட்டுக்குள்ள பூந்தான். அக்கட்டால ஒரு மொட்டைக் கெணறு... ஆவாரஞ்செடி மூடியிருந்துது. தெரியாம உள்ள உழுந்துட்டான்.

காளியாத்தாள்: அவருக்கு நீச்சல் தெரியுமே. வெள்ளம் வந்தா எதிர்நீச்சல் போடறவரு. தெரியுமல்லங்க உங்களுக்கு?

சென்னியப்பன்: தெரியும் சாமி. ஒத்தைக் கையாலதான் நீந்துனான். மறு கையில சாவல மேல தூக்கிப் புடிச்சிருந்தான். நான் உடஞ்ச படியில தொங்கிக் கைய நீட்டுனேன். மொதல்ல இதப் புடிங்க மாமான்னான்.

காளியாத்தாள்: புடிச்சீங்களா?

சென்னியப்பன்: புடிச்சுட்டேன். அவன் சிரிச்ச மொகமாத்தான் குடுத்தான். உள்ள உழுந்தப்பக் கல்லுல மண்டை அடிபட்டிருந்தது எனக்குத் தெரியாது. சாவல மேல்படியில வெச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன்... தண்ணிதான் இருக்குது. அவனில்ல. சாவல வாங்குன கையில அவன் கையப் புடிச்சிருந்தா வந்திருப்பான் சாமி. நான் சாவல வாங்கிட்டேன். என்ற புத்திக்கு அதுதான் தோணுச்சு.

காளியாத்தாள்: இப்ப எங்க இருக்காரு?

சென்னியப்பன்: கெணத்து மேட்டுல படுக்க வெச்சிருக்குது. வண்டி கட்டச் சொல்லிட்டுத்தான் நான் முன்னால வந்தேன்.

காளியாத்தாள்: கண்ணத் தொறந்து பாத்தாருங்களா? ஒரு வார்த்தை...

சென்னியப்பன்: இல்ல சாமி. எங்கள வெரட்டிட்டு வந்த ஏட்டய்யாகூட பெல்ட்டக் கழட்டி எறிஞ்சுட்டுக் குதிச்சாரு. அவருதான் முங்கித் தூக்கிட்டு வந்தாரு. மேல கொண்டாந்து போட்டுட்டு, சின்னப்புள்ளையாட்ட அழுதாரு அந்த மனுசன்.

காளியாத்தாள்: அவரா அழுதாரு?

சென்னியப்பன்: ஆமா. இந்தச் சாவலயும் கொண்டு போயிருங்க எசமான்னு நீட்டுனேன். வாங்க மாட்டேன்னுட்டாரு. உன்ற தங்கச்சி கையில குடுத்துருன்னாரு... ஏன் அம்முணி அப்படிப் பாக்கற? அழுதுரு. வாய் உட்டு அழுதுரு சாமி. எவன் போயி டேசன்ல சொன்னானோ, அவன் குடும்பம் வெளங்காது. அவன் மட்டும் என்ற கையில சிக்குனா அந்தக் கெணத்துலயே...

காளியாத்தாள்: ஆளத் தொட மாட்டோம், சாவல மட்டும் எடுத்துட்டுப் போயிர்றோமுன்னு எங்கிட்டச் சொன்னாருங்களே அண்ணா அந்த ஏட்டய்யா.