குலசையில் இல்லாத விதவைக்கு ஒரு சேலை

மேஸ்திரிகளுக்கு வகுப்பு எடுப்பதென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கக் கூடாது, சார். மீன் குழம்பை எதிர்த்து எந்த வாத்தியாரும் ஜெயித்ததில்லை. காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், கப்பலுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

என் பெயர் ஆறுமுகநயினார். பழைய துறைமுகத்தில் தோணியிலும், புதுத் துறைமுகம் வந்த பிறகு கப்பலிலும் மேஸ்திரியாக இருந்தவன். முழங்கால் ரெண்டும் ஏணி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் கம்பெனி என்னை உட்கார வைத்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கிருபாநிதி பம்பாய்க்குப் போய் ஏதோ படித்துவிட்டு வந்தார். நாசரேத்துக்காரர், படிப்பு என்றால் உயிர். கூலியாட்களில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி, பயிற்சி கொடுத்து, மேஸ்திரி ஆக்க வேண்டுமாம்.

"அண்ணாச்சி, நீங்க டீக்கடையில கதை விட்டா அம்புட்டுப் பேரும் வேலையை விட்டுட்டு நிக்கானுவ. அதையே ஒரு ரூமுக்குள்ள வச்சுச் சொல்லுங்க. அதுக்குப் பேருதான் டிரெய்னிங்."

நான் கதை விடுகிறவன் என்பது ஊருக்கே தெரியும். அறுபத்துநாலாம் வருஷப் புயலில் என் தோணி பறந்துபோய்க் காயல்பட்டினத்தில் ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் இறங்கியது, தொழுகை முடிகிறவரை சத்தம் காட்டாமல் இருந்துவிட்டுத் தானே கடலுக்குத் திரும்பியது என்று சொல்லியிருக்கிறேன். நம்பினவர்கள் உண்டு. காயல்பட்டினத்துக்காரர் ஒருவரே, தோணியைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்.

ஆனால் வகுப்பை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. முதல் தடவை கரும்பலகையில் விதிகளை எழுதிப் போட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாளே கிரேன் கொக்கிக்குக் கீழே நின்று பீடி பற்றவைத்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. விதியைச் சொன்னால் மனுசன் தலையை ஆட்டுவான். செத்தவனைச் சொன்னால்தான் காலை நகர்த்துவான்.

அதனால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு செத்தவனை உண்டாக்கினேன். பெயர், ஊர், பெண்டாட்டி, அவன் கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்பதுவரை. கொக்கிக்குக் கீழே நின்று செத்தவன் ஒருத்தன். சங்கிலியைச் சோதிக்காமல் செத்தவன் ஒருத்தன். அதில் என் கைவேலை மொத்தமும் இறங்கியது குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து நல்லக்கண்ணுதான். பழைய இரும்புச் சீவல் ஏற்றி நெடுநாள் மூடிக் கிடந்த கப்பல். அந்த இரும்பு துருப்பிடிக்கையில் உள்ளே இருக்கிற காற்றைத் தின்றுவிடும். பார்த்தால் தெரியாது, மோந்தால் தெரியாது. விளக்கைக் கயிற்றில் கட்டி அடித்தட்டுவரை இறக்கிப் பார்க்காமல் அவன் இறங்கிவிட்டான். வீட்டில் சுடலைமாடத்தி அவனுக்குக் கருவாடு சுட்டுவைத்துக் காத்திருந்தாள். அந்தக் கருவாட்டுக்கு வரும்போது பெரிய பெரிய ஆம்பிளைகள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

அதன்பிறகு எந்த மேஸ்திரியும் விளக்கை இறக்காமல் ஆளை இறக்கியதில்லை. பம்பாயில் இதைச் சொல்லித் தந்திருப்பார்களா, தெரியாது.

இன்னொரு பழக்கத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். முத்துக்குளிக்க இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். பெண் கொடுத்த வீட்டுக்காரன் கயிற்றை விடமாட்டான், விட்டால் அறுவது அவன் கூடப்பிறந்தவள் தாலி. அந்தப் பழக்கத்தைத்தான் எங்கள் ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள். மூடிக் கிடந்த சரக்கு அறைக்குள் முதலில் இறங்குகிறவன் கயிறு மச்சான் கையில் இருக்கும். மச்சான் பிடித்திருந்தால் வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி.

செந்தில்வேல் என் வகுப்பில் முதல் ஆள். என் தங்கச்சி முத்துக்கனியின் புருசன். முத்துக்கனி எங்க அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை, இடுப்பில் தூக்கி வளர்த்தவன் நான். செந்தில்வேல் வீட்டில் என்னை மச்சான் என்பான், வகுப்பில் அண்ணாச்சி என்பான். அந்த மரியாதை தெரிந்தவன். அடுத்த மேஸ்திரி அவன்தான் என்று நானே கிருபாநிதியிடம் சொல்லியிருந்தேன்.

போன தசராவுக்கு அவன் குலசைக்குக் கிளம்பும்போது வகுப்பு ஆட்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு சேலை எடுத்து அவன் கையில் கொடுத்து விட்டிருக்கிறார்கள். நல்லக்கண்ணு பெண்டாட்டிக்கு. வெள்ளைச் சேலை, ஒடுங்கலாக நீலக்கரை. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளை வேறு ஊருக்குக் குடிபோக வைத்திருப்பேன்.

திரும்பி வந்தவன் வகுப்பில் எழுந்து சேலையை என் மேசையில் வைத்தான்.

"அண்ணாச்சி, தெருத் தெருவாக் கேட்டாச்சு. வேசம் கட்டின காளிகிட்டக்கூடக் கேட்டேன். சுடலைமாடத்தின்னு ஒரு பொம்பளை குலசையிலேயே இல்லையாம்."

"வீடு மாறியிருப்பா."

"நல்லக்கண்ணும் இல்லையாம். செத்தவன் எங்கன மாறுவான்? இப்ப இந்தச் சேலையை என்ன செய்ய? நீங்களே உடுத்திக்கிடுதியளா?"

சிரிப்பு அவன் உதட்டின் ஒரு ஓரத்தில்தான் தொடங்கியது. பிறகு அறை முழுக்கச் சிரித்தது. சந்தனமாரி பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான். நானும் சிரித்தேன், சார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. கேலி பேசியவனுக்குக் கேலி தாங்கத் தெரிய வேண்டும். இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

என் கவலை வகுப்பைப் பற்றியது. அடுத்த நாளிலிருந்து கொக்கிக்குக் கீழே செத்தவனைச் சொன்னால், "அவன் எந்த ஊரு அண்ணாச்சி, குலசையா?" என்பார்கள். சங்கிலியில் செத்தவனைச் சொன்னால், "சேலை எடுத்துருவோமா?" பிறகு ஒருநாள் சந்தனமாரி விளக்கு இறக்காமலே ஒரு கப்பலில் இறங்கினான். "நானும் கதையிலதாம்லே சாவேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினானாம். கயிறு பிடித்த அவன் மச்சான் சட்டென்று இழுத்ததால் பிழைத்தான். ரெண்டு நாள் பேச்சு வரவில்லை.

அன்றைக்குத்தான் யோசித்தேன். பொய்யாகச் செத்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் பிழைத்துவிட்டார்கள். இனி உயிரோடு இருக்கிறவர்கள் ஒவ்வொருத்தராகச் சாவார்கள். இந்த வகுப்புக்கு யாரும் போய்த் தேடிப்பார்க்கக்கூடிய ஒரு ஆள் வேண்டும். ஊர் இருக்க வேண்டும், வீடு இருக்க வேண்டும், வாசலில் ஒரு பொம்பளை இருக்க வேண்டும்.

ஏன் செந்தில்வேல் என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் பிடித்தவன் அவன். பிடிக்காதவன் செத்தால் யார் பாடம் படிப்பார்கள்?

கார்த்திகை பிறந்து இரும்புச் சீவலோடு ஒரு கப்பல் வந்தது. செய்து காட்டுகிற பாடத்தைக் கப்பல் தட்டு மேலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். சரக்கு அறையின் மூடியைத் திறந்ததும் விளக்கை நானே இறக்கினேன். அடித்தட்டுவரை இல்லை, பாதிவரைக்கும். "விளக்கு எரியுது" என்றேன். எரியத்தான் செய்தது. நான் சொன்னதில் பொய் கிடையாது.

செந்தில்வேல் கயிற்றை இடுப்பில் கட்டி மறுமுனையை என் கையில் கொடுத்தான். வழக்கமாக விளக்கு எதுவரை இறங்கியது என்று எட்டிப் பார்க்கிறவன், அன்றைக்குப் பார்க்கவில்லை.

"மச்சான் கையில கயிறு இருக்கு. பெறகு என்ன?" என்றான். வகுப்பு நேரத்தில் அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். சேலை விசயத்தில் நான் மனசு சங்கடப்பட்டிருப்பேன் என்று நினைத்து, சரிக்கட்டுவதற்காகக் கூப்பிட்டான் என்று நினைக்கிறேன்.

அவன் ஏணியில் இறங்கி மறைந்தான். கயிறு என் கையில் ஓடியது. நின்றது. பிறகு ரெண்டு இழுப்பு வந்தது. ரெண்டு இழுப்பு என்றால் தூக்கு என்று அர்த்தம், அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். இன்னொரு தடவை வந்தது. அப்புறம் லேசாக ஒன்று, தூக்கத்தில் பிள்ளை விரலைப் பிடித்து இழுக்கிற மாதிரி.

"என்ன அண்ணாச்சி, கயிறு ஆடுதா?" என்றான் சந்தனமாரி.

"இல்ல."

வகுப்பே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் உள்ளே பார்க்கவில்லை. மச்சான் பிடித்திருக்கிறானே. போதும் என்று எனக்குத் தோன்றிய பிறகு, "இழுங்கலே" என்றேன். பாரம் அசையவே இல்லை. சந்தனமாரி ஏணியில் காலை வைத்துவிட்டான். "ஏலே, ஒருத்தன் விழுந்தா பின்னாலயே இறங்கக் கூடாதுன்னு வகுப்புல சொன்னேனா இல்லியா?" என்றேன். காலை எடுத்துவிட்டான். அழுதுகொண்டே நின்றான், ஆனால் இறங்கவில்லை. அவன் உயிர் அந்தப் பாடத்தில் தப்பியது. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், சார்.

எல்லாருமாக இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தோம். விசாரிக்க நீங்கள்தான் வந்தீர்கள். கயிறு யார் கையில் என்று கேட்டீர்கள். மச்சான் கையில் என்றார்கள். தொப்பியைக் கழற்றி என்னிடம், "வருத்தப்படாதீங்க பெரியவரே" என்றீர்கள்.

எங்கள் வழக்கப்படி தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிச்சேலை போக வேண்டும். முத்துக்கனிக்கு அண்ணன் நான் ஒருத்தன். கடைக்குப் போகவில்லை. மேசை இழுப்பறையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது, வெள்ளைச் சேலை, நீலக்கரை. அதைப் போர்த்தும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன், கயிறு ஒங்க கையில இருந்தும் போயிட்டாவளே. ஒங்களுக்கு எப்படி இருந்திருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தச் சேலையைத்தான் இப்போதும் திரும்பத் திரும்ப உடுத்துகிறாள். துவைத்துத் துவைத்து நீலம் வெளுத்துவிட்டது.

வகுப்பு நன்றாக நடக்கிறது. செந்தில்வேல் கதையில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. கருவாடுகூட இல்லை. கேட்டுவிட்டு யாரும் ஊர் விசாரிப்பதில்லை. விளக்கு அடித்தட்டுவரை இறங்குகிறது. கிருபாநிதி இந்தப் பாடத்தை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்கிறார்.

இன்றைக்குக் காலையில் புதிதாகச் சேர்ந்த செந்தூர்பாண்டி எழுந்தான். "அண்ணாச்சி, கயித்தை யாரு பிடிச்சிருந்தா?" என்றான். அதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. பயிற்சி கொடுக்கிறவன் கேள்வியை விழுங்கக் கூடாது. விழுங்கினால் அடுத்த பாடம் ஏறாது. வகுப்பை விட்டுவிட்டு நேராக இங்கே, உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

அவ்வளவுதான் விசயம். வகுப்புக்காகச் செய்தேன். அந்தப் பிள்ளைகள் உயிருக்காகச் செய்தேன். அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என்ன சார், டீ சொல்லுகிறீர்கள். அண்ணாச்சி ஒரு கதையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஏட்டையாவிடம் கண்ணைக் காட்டுகிறீர்கள். உங்கள் உதட்டு ஓரம் எனக்குத் தெரிகிறது.

சிரிக்காதீர்கள், சார். அவனும் இப்படித்தான் தொடங்கினான்.